இடப்பக்க முன்கதவு

கப்பலில் வரும்போதே அது முக்கால் கார்.
அங்கே ஒருமுறை முழுசாய்ப் பூட்டி,
ஓட்டிப் பார்த்து,
பிறகு கழற்றி அனுப்புகிறார்கள் என்று
கிடங்கில் பேச்சு.
முழுசாய் வந்தால் வரி.
துண்டாய் வந்தால் உள்ளூர்.

கலினின்கிராடில், இரவு ஷிஃப்டில்,
இடப்பக்க முன்கதவு என் வேலை.
கீலுக்கு நான்கு போல்ட்.
முறுக்கும் கருவி 'டிக்' என்றால் போதும் என்கிறது கையேடு.
எனக்குப் போதாது.
சாத்திக் கேட்பேன்.
காலி டப்பாவாய்க் கத்தினால்
அரை மில்லி தளர்த்தி, மறுபடி.
ஈர மண்ணில் பழம் விழுந்ததுபோல்
அடங்கி ஒரு 'தும்' வரும்வரை
அடுத்த கார் நிற்கட்டும்.
ஃபோர்மேன் விதாலிக்கு இதனாலேயே என்மேல் கடுப்பு.

ஒரு கதவின் உள்வயிற்றில்
நீலப் பென்சிலால் யாரோ 17 என்று எழுதி
பக்கத்தில் ஒரு பூனைமுகம் போட்டிருந்தார்கள்.
கிறுக்கல் இருந்தால் துடைக்க வேண்டும்.
துடைக்கவில்லை.
மேலே பலகையை அழுத்திப் பூட்டிவிட்டேன்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன்,
அங்கே தரை துடைக்கும் ஸோயாவிடம்
வீட்டுச் சாவி வாங்க.
தோல்கோட்டுக்காரர் ஒருவர்
முன்கண்ணாடியின் மூலையில் குனிந்து
எண்ணின் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.
"டபிள்யூ இல்லையே, எக்ஸ் ஆச்சே.
இங்கே பூட்டினதா?"
விற்பவன் அர்க்காதி குரலைத் தாழ்த்தினான்:
"காகிதத்துக்குத்தான் இங்கே. ரத்தம் அங்கே."
திறந்து, சாத்தினான்.
தும்.
"கேட்டீங்களா?
இந்தச் சத்தம் நம்ம ஆட்களுக்கு வருமா?"
தோல்கோட்டு கண்ணை மூடித் தலையாட்டியது.

சாவி கையில் சுட்டது.
ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னால் விலை குறைந்துவிடும்.

பேருந்து ஜன்னலில் எங்கள் தெரு:
ஓடு அவர்களுடையது,
ஓட்டின்மேல் டிஷ் எங்களுடையது.
சாக்கடை மூடியில் இன்னும் ஊரின் பழைய பெயர்.
அப்பா நாற்பத்தேழில் ரயிலில் வந்தவர்,
ஆறு வயதில், பொதியோடு பொதியாய்.
இறக்கி வைத்த வீட்டில்
அடுத்தவர் கொக்கியில் தன் தொப்பியை மாட்டினார்.
நான் அங்கேதான் பிறந்தேன்.
பிறந்த வீடா, புகுந்த வீடா என்று
என்னிடம் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

திங்கள் இரவு முடிவோடு போனேன்:
டிக் என்றதும் விட்டுவிடுவது.
சம்பளம் அதற்குத்தான்.
ஐந்து கார் அப்படியே போயின.
ஆறாவதைச் சும்மா,
கை மறந்து சாத்திவிட்டேன்.
காலி டப்பா.

அரை மில்லி.
மறுபடி.
விதாலி கத்துகிறான்.