ஐந்தாவது கை

வியாழக்கிழமை பின்னேரம், மூன்று பத்து.
ஹட்டனில் ஒரு மேல்மாடி அறை.
மேசையில் ஒரு தட்டு மீன் பெற்றிஸ்,
ஐந்து பிளேன் டீ,
கோடு போட்ட ஒரு தாள்.
பனிமூட்டம் யன்னல் கண்ணாடியில்
நெற்றியை வைத்து உள்ளே பார்த்தது.

இறுதிப் போட்டி நடக்கவில்லை.
மேட்டுப் பாதையில் மண் சரிந்து மூன்று நாள்.
மைதானத்தில் கோணர்க் கொடிகள் மட்டும்
தண்ணீருக்கு மேலே.
மாகாணத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள்
ஒரு பெயர் போகவேண்டும்.
ஒரே ஒரு பெயர்.

நகரக் கல்லூரிப் பெண்கள்:
ஆறு ஆட்டம், ஆறு வெற்றி,
போட்டது இருபத்தொன்று, வாங்கியது நான்கு.
கிளென்மோர் தோட்டப் பள்ளிப் பெண்கள்:
ஆறு ஆட்டம், ஆறு வெற்றி,
போட்டது பதினான்கு.
வாங்கியது
(இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்)
ஒன்றுமில்லை.

"யாரோட விளையாடி வென்றார்கள்
என்றும் பார்க்கவேண்டுமே" என்றார் தலைவர்.
பார்த்தோம்.
எல்லாம் மேட்டுப் பள்ளிகள்,
பதினொரு பேர் சேர்க்கவே
எட்டாம் வகுப்பில் ஆள் கேட்கும் பள்ளிகள்.
பெரிய பள்ளி ஒன்றுகூட ஏன்
அந்த மேட்டுக்குப் போகவில்லை என்று எழுத
தாளில் கட்டம் இல்லை.
பஸ் ஏறாது. அவ்வளவுதான்.
பஸ் ஏறாததை
அந்தப் பிள்ளைகளின் கணக்கில் கழித்தோம்.

இரண்டு கை அங்கே. இரண்டு கை இங்கே.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கணித ஆசிரியன், சங்கத்தின் பொருளாளன்,
ஓஃப்சைட் என்றால் இன்னும் குழம்புகிறவன்.
நகரக் கல்லூரி ஆடியதை நான்கு தரம் பார்த்தவன்;
என் வீட்டு வாசலில் நின்றாலே மைதானம் தெரியும்.
கிளென்மோர் ஆடியதை...
பெற்றிஸின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு
கையைத் தூக்கினேன், நகரத்துக்கு.
கை கனக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும்.
ஒரு கொழுந்தளவுகூடக் கனக்கவில்லை.

திங்கட்கிழமை, இடைவேளை மணிக்குச் சற்று முன்
அவர்களின் அணித்தலைவி வந்தாள். யோகசாந்தினி.
இடது சப்பாத்தின் வாயை
நைலோன் நூலால் தைத்திருந்தாள்.
அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை.
ஒரு கேள்விதான் கொண்டுவந்தாள்,
நாலு மைல் இறக்கத்திலும் சிந்தாமல்.

"எங்க மெட்ச் எதப் பாத்தீங்க சேர்?"

மண்சரிவைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன்.
விதிகளில் இதற்கு விதி இல்லாததால்
கைதூக்குவதே விதி என்றேன்.
அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா கொழுந்து நிறுக்கையில
சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு
கழிக்கிறாங்க சேர். அநியாயந்தான்.
ஆனா முள்ளு எங்க நிக்குதுன்னு
அம்மா கண்ணால பாத்துக்கிறாங்க."

மணி அடித்தது. போய்விட்டாள்.

மாகாணத்தில் நகரக் கல்லூரி
முதல் ஆட்டத்திலேயே மூன்றுக்குப் பூச்சியம் தோற்றது.
சிலர் என்னிடம் வந்து, பார்த்தீங்களா என்றார்கள்.
எதைப் பார்ப்பது?
கிளென்மோர் போயிருந்தால்
ஐந்துக்குப் பூச்சியம் தோற்றிருக்கலாம்.
அது அவர்களின் தோல்வி.
அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிறு, சொல்லாமல், நடந்தே போனேன்.
மைதானத்தில் ஒருவரும் இல்லை.
கைக்காசுக் கொழுந்துக்குப் போயிருந்தார்கள்,
மலைமுகத்தில் தலைகள் மட்டும் அசைந்தன.
கோல் கம்பங்கள் சவுக்கு மரம்.
வலை இல்லை. ஒரு மாடு.
மேல் கோலில் நின்று
உருண்டைக் கல் ஒன்றைத் தரையில் வைத்தேன்.
உதைக்கவில்லை, வைத்தேன்.
அது தானாகக் கிளம்பி
நடுக்கோட்டைத் தாண்டி, வேகம் பிடித்து,
கீழ்க் கோலுக்குள் புகுந்து
தேயிலைக்குள் காணாமல் போனது.

அந்தக் கீழ்க் கோலில்,
ஆட்டத்துக்குப் பாதி நேரம்,
ஒரு பிள்ளை நின்றிருக்கிறாள்.

சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது.
வாங்கியது: ஒன்றுமில்லை.
மூன்றாம் தரமும் கூட்டிப் பார்த்தேன்.