முகம் வரையாத கொண்டக்டர்

படமாக்கப் போகினமாம்.
இரவு ஒன்றரைக்கு யூட் மெசேஜ் போட்டான்,
பன்னிரண்டு ஆச்சரியக்குறியோடு.

எங்கட பேய்க் கொண்டக்டரை.
பண்ணைப் பாலத்தில் கடைசி பஸ்ஸில் தொற்றி
செத்தவர்களுக்கு மட்டும் மிச்சக்காசு கொடுப்பவனை.
ஐந்து புத்தகத்திலும் அவனுக்கு முகமில்லை,
தொப்பிக்குக் கீழே வெறும் தாள்.
அந்தத் தாளில் நான் யாரை வைத்திருக்கிறேன் என்று
யூட்டுக்கும் சொன்னதில்லை.

இனி ஒரு நடிகர் வருவார்.
பல்லெல்லாம் வெள்ளையாயிருக்கும்.
"இறங்குங்கோ" என்பதை
"இறங்குங்க" ஆக்கிவிடுவார்கள்.
அந்தக் "கோ"வில்தானே எனக்கு மயிர் கூச்செறிந்தது.
கடலும் வேறெங்கோ எடுத்த கடலாயிருக்கும்.
பேய் வர முன்னமே வயலின் வந்துவிடும்.

எண்டாலும்
மூன்றாம் புத்தகத்தில் அந்த இரட்டைப் பக்கம்:
பஸ் லைற் அணைய,
சீற்றுக்கடியில் உப்புத்தண்ணி ஏற,
ஆளில்லாத செருப்புகள் எல்லாம் மிதக்குமே,
அதை மட்டும் ஒழுங்காய் எடுத்தால்...

"வந்தால் முதல் ஷோ போவமா?"
ரெண்டு ரிக்கற் எடு என்று எழுதினேன்.
அனுப்பவில்லை.
அழித்துவிட்டு
மூண்டு எண்டு போட்டேன்.

அவன் ஏனெண்டு கேட்கவில்லை.