ஓனி, வா

இருபது கிலோ சோயாப் பயறு, ஈரம் பன்னிரண்டுக்குள்,
உடைசல் ஆகாது, கல் ஆகவே ஆகாதென்று
பயின்னவுங் சந்தைக்கே வந்து கேட்டார் நாகதோமோ.
பூச்சி விழுந்ததைத் தள்ளி, நானே பொறுக்கி,
வீட்டு வாணலியில் வறுத்துக் கொடுத்தேன்.
எறிவதற்காம்.
முப்பது வருஷத் தரகில்
பயற்றை எறிகிற ஆட்களை நான் கண்டதில்லை.

பஹான் பக்கம் கம்பெனி வீடு.
நிலையில் முள்ளிலைக் கொப்பு, அதில் குத்திய மத்தித் தலை,
கண் மூடாமல்.
என் கடைக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும்.
நாற்றத்தில் அவர்கள் ஒரு படி மேல்.

குளிர்காலம் இன்றோடு முடிகிறதென்றாள் வீட்டுக்கார அம்மாள்.
எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
பேயாக வரவேண்டிய கணக்குப்பிள்ளைக்குக் காய்ச்சல்.
எல்லாரும் என்னைப் பார்க்காத மாதிரி
என்னையே பார்த்தார்கள்.
சிவப்பு அட்டை முகம், இரண்டு கொம்பு,
காதை அறுக்கும் ரப்பர் நாடா.

ஓனி வா சோதோ!
பேயே வெளியே போ என்று அர்த்தமாம்.
என் காதில் விழுந்தது வா மட்டும்தான்.
ஓனி, வா.
வா வா என்று கத்திக்கொண்டே அடித்தார்கள்.
இத்சுகி என்றொரு ஆறு வயசுப் பயல்
என் முழங்காலையே குறிவைத்தான்.
நான் வறுத்த பயறு. அதன் கடினம் எனக்குத் தெரியும்.

கேட்டுக்கு வெளியே ஓடி நின்றேன்.
அறுபத்துநாலில் அப்பாவையும் வெளியே போகச் சொன்னார்கள்,
பயறு வீசாமல், கப்பல் சீட்டு நீட்டி.
அவர் போகவில்லை. கேட்டால்
பாக்கி இன்னும் வசூலாகவில்லை என்பார்.
என் அட்டையின் நிறம் இன்றைக்கும் வேறு.
கொம்போடு நின்றவனைப் பார்த்து
டாக்சிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துப் போனான்.

உள்ளே கூப்பிட்டு, வயசுக்கு ஒன்றாக, மேலும் ஒன்று சேர்த்து
எண்ணித் தின்னச் சொன்னார்கள்.
ஐம்பத்துமூன்று.
நாற்பதில் தாடை கழன்றது, எண்ணிக்கையும்.
பிறகு முழ நீளச் சோற்று உருளை,
அந்த வருஷத்து அதிர்ஷ்டத் திசை பார்த்து,
முடிகிறவரை வாய்பேசாமல்.
போனில் திசைமானி பார்த்து ஜன்னலைக் காட்டினார் நாகதோமோ.
மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே.
அந்தக் கோட்டில் கடல். கடல் தாண்டினால் மதராஸ்.
என் உளுந்து மாதாமாதம் போகிறது.
நான் போனதில்லை.
பேசக்கூடாது என்றது வசதியாகப் போயிற்று.

மார்ச்சில் அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.
ஆனாலும் மறு தையில் ஒரு சாக்கு எடுத்து வைத்தேன்,
பழக்கம்.
இந்தத் தடவை ஒரு நாள் முந்தி வருகிறது, பிப்ரவரி இரண்டு
என்று எழுதியிருந்தார்.
ஒன்றாம் தேதி விடியும்போது போன் செத்துக் கிடந்தது.
டிவியில் சீருடை.

இரண்டாம் தேதி இரவு எட்டு மணி.
தாம்வேயில் எதிர் மாடியில் ஒரு சட்டிச் சத்தம்.
அடுத்து அதன் பக்கத்து வீடு.
பிறகு தெருவே தகரமாயிற்று.
கெட்டதை விரட்ட இந்த ஊர்க்காரர்கள்
எப்போதும் செய்வதுதான்.
பயறு வறுத்த அதே வாணலியோடு
பால்கனிக்குப் போனேன்.
வெளியே போ என்று கத்தத்தான் வேண்டும்.
அந்தச் சொல்லுக்கு என் தொண்டை பழகவில்லை.
அடித்தேன், கரண்டிக் காம்பு வளையும் மட்டும்.

நீயுமா, என்று பர்மியில் கேட்டாள்
பக்கத்து பால்கனி டோ கின் மியா,
மூடியும் கையுமாக.
நானும், என்றேன்.

காலையில் சாக்கைப் பிரித்துக் கைவிட்டுப் பார்த்தேன்.
ஈரம் பதினாலு இருக்கும்.