மூக்கில்லாத வண்டு

முதல் நாள் மூன்று.
டியூப்லைட்டுக்குக் கீழே, ஆறிய சோற்றின் மேல்
உடைந்த கடுகு மாதிரி.
தொட்டால் செத்ததுபோலக் கிடந்து
நான் திரும்பியதும் நடந்தன.

ஒரு வாரத்தில் எண்ணுவதை விட்டேன்.
மொட்டைமாடியில் சித்திரை வெயில் தகிக்க
ரவை, உளுந்து, மல்லி எல்லாவற்றையும்
பழைய வேட்டியில் பரப்பிக்
காக்காய்களோடு காவல் இருந்தேன்.
நாலு கிலோ துவரம்பருப்பைக்
குப்பை வண்டியில் கொட்டினேன்.
கொட்டிய கோபம் ஆறுமுன் பஸ் ஏறிக்
கீழமாசி வீதியில் அருஞ்சுனை அண்ணாச்சியை
நாலு பேர் முன்னால் கேட்டேன்:
‘பருப்பு விக்கிறீங்களா, பூச்சி விக்கிறீங்களா?’
அவர் ஒரு பிடி அள்ளி
வெள்ளைத் தாளில் உதறிக் காட்டினார்.
நான் பார்க்கவில்லை.

பிரிஞ்சி இலை போட்டேன். வசம்பு போட்டேன்.
வேப்பிலையும் போட்டேன்.
வேப்பிலை மேல் ஒன்று
ஊர்வலம் போனது.

செல்லூரிலிருந்து சிக்கந்தர் வந்தார்,
மருந்து டின் இல்லாமல்.
‘மொதல்ல யாருன்னு பாப்போம்க்கா’ என்றார்,
போலீஸ்காரர் போல அல்ல,
சம்பந்தம் பேச வந்தவர் போல.
செல்லோடேப்பில் ஒன்றை ஒட்டி
லென்சைக் கண்ணில் வைத்தார்.
‘அரிசி வண்டுன்னா மூக்கு நீளும், யானைக்குட்டி கணக்கா.
பயத்த வண்டுக்கு முதுகுல வெள்ளப் புள்ளி.
இது கூன் போட்டு, தலைய உள்ள இழுத்துக்கிட்டு,
சீட்டுக் காசு கட்டாதவன் மாதிரி நிக்குது பாருங்க.
சிகரெட் வண்டு.’

எங்கள் வீட்டில் யாரும் பிடிப்பதில்லை என்றேன்.
‘அது அதுக்குத் தெரியாதுல்ல’ என்றார்.

மருந்து அடிக்கச் சொன்னேன்.
‘பறக்கிறத அடிச்சு என்ன செய்ய?
பொறக்கிற எடம் வேணும்.’

பெருங்காய டப்பாவைத் தட்டிப் பார்த்தார்.
சாமி அலமாரி மஞ்சள் கிழங்கை ஒடித்துப் பார்த்தார்.
எதிர்வீட்டுப் பத்மாபாய் தந்த புளியோதரைப் பொடியை
எப்போதோ மனசுக்குள்
கூண்டில் ஏற்றி வைத்திருந்தேன் நான்.
அதிலும் ஒன்றுமில்லை.

கடைசியில் பரண்.
குத்துவிளக்கு அட்டைப்பெட்டிக்குப் பின்னால்
ஒரு சிரட்டை.
சிரட்டையில் பச்சைக் கட்டிகள், சல்லடையாக.
இறக்கி வைத்தபோது
பொடி தானாக அசைந்தது.

எலிக்கு வைத்த விஷம்.
கோதுமையில் பிசைந்தது.
வைத்தது
நான்தான், ரெண்டு வருஷம் முன்னால்.
எலி மோந்துகூடப் பார்க்கவில்லை.
இவை அதில் குடித்தனம் வைத்து
பேறுகாலம் பார்த்து
பேரன் பேத்தியும் எடுத்துவிட்டன.
‘எலிக்குத்தான் உள்ள ரத்தம் கசியும்.
இதுகளுக்கு இது வெறும் பலகாரம்.’

கவருக்குள் கவர் போட்டு இறுகக் கட்டினார்.
பரண் இடுக்கெல்லாம் மெஷின் வைத்து உறிஞ்சினார்.
மிளகாய்த்தூள் ஒரு வாரம் ஃப்ரீசரில் இருக்கட்டும் என்றார்.
‘இன்னும் ஒரு மாசம் ஒண்ணு ரெண்டு வரும்.
பயப்படாதீங்க, அது பழைய பாக்கி.’

சனிக்கிழமை கீழமாசி வீதி.
என்ன வேணும் என்று அண்ணாச்சி கேட்கவில்லை.
கடைப் பையன்தான் கேட்டான்.
‘துவரம்பருப்பு, நாலு கிலோ.’
எங்களுக்கு மாசத்துக்கு ஒன்றே மிஞ்சும்.
சொல்ல வந்தது,
தராசு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி,
தலையை உள்ளிழுத்துத்
தொண்டையில் கூன் போட்டுக்கொண்டது.

அண்ணாச்சி எழுந்து வந்தார்.
ஒரு பிடி அள்ளினார். வெள்ளைத் தாளில் உதறினார்.
குனிந்து பார்த்தேன்.
பருப்பு இருந்தது.