பாய்க்கு அடியில்

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்கு நூறடி முன்னால்
தண்ணி காட்ட இறக்கிய பவானி
திரும்ப ஏறமாட்டேன் என்றாள்.
ஏற்றுப்பலகையில் முன்னங்காலை வைப்பாள், எடுப்பாள்.
வெல்லம் காட்டினேன். கொள்ளு காட்டினேன்.
தங்கமுத்து பின்தொடையில் கயிறு கொடுத்து இழுத்தான்.
அப்புறம், சொல்லித்தான் ஆகவேண்டும்,
இரண்டு அடி போட்டேன்.
கொல்லங்கோட்டில் ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு.
அவளோ காதை மடக்கிக்கொண்டு
வண்டித் தரையையே பார்த்து நின்றாள்.

அபுதாகிர் ராவுத்தர் அப்போதுதான்
பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனார்.
ணங். ணங். ணங்.
வலது மூலையில், அவள் பின்னங்கால் நிற்கும் இடத்தில்,
தொப்.
'பாயைத் தூக்கு' என்றார்.

நாலு வருஷமாகத் தூக்காத பாய்.
கனத்த ரப்பர், நாற்பது கிலோ.
மேலே தினமும் கழுவினேன், பினாயில் தெளித்தேன்,
உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று
வந்தவர்களிடம் பெருமை வேறு.
சுருட்டியதும் எழுந்த நெடியில்
மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர்.
அலுமினியத் தகடு வெள்ளை மாவாகப் பூத்திருந்தது.
ஸ்க்ரூடிரைவரை வைத்தார், அழுத்தக்கூட இல்லை,
பழுத்த பப்பாளியில் போல இறங்கியது.
கீழே படுத்து டார்ச் அடித்தார்.
தரையெங்கும் வெளிச்சப் புள்ளிகள்.
நட்சத்திரம் போல என்று எழுத வருகிறது.
வேண்டாம்.
அதில் இரண்டு, குளம்பு அளவு இருந்தன.
அதன் வழியாகத் தார் ரோடு தெரிந்தது.

ஆனைமலை தாண்டி அறுபதில் வந்தோம்.

கோயம்புத்தூர் கம்பெனிக்கு போன் போட்டேன்.
வாரண்டி ஐந்து வருஷம், எனக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி.
அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல், பொறுமையாக வாசித்தாள்:
'சட்டம், அச்சு, கூரை, பெயிண்ட் அடங்கும்.
தரையும் அடங்கும் சார்.
மூத்திரம், சாணி, உப்பு, ஈரம்,
பராமரிப்பின்மை நீங்கலாக.'
மூத்திரம் பெய்யாத குதிரை
எந்தச் சந்தையில் கிடைக்கும் என்று கேட்டேன்.
அவள் சிரித்துவிட்டு, உடனே சிரிக்காதவளாகி,
'ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாயை எடுத்துக் கழுவி
தேதியோடு போட்டோ எடுத்திருந்தால் அனுப்புங்க' என்றாள்.

போட்டோ இல்லாமலா?
செல்போனை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
பவானிக்கு மாலை, பவானிக்கு நெற்றிச்சுட்டி,
பவானியோடு பல்லடத்து மாப்பிள்ளை.
ஆயுதபூசைக்கு வண்டியின் நான்கு பக்கமும் சந்தனம்,
டயருக்கு எலுமிச்சை, நம்பர் பிளேட்டுக்குக்கூடக் குங்குமம்.
தரைக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை.

'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல்
குழியும் பறிச்சுதாம்' என்று தங்கமுத்து ஆரம்பித்தான்.
அவன் தலையை ஆட்டும்போதே எனக்குப் புரிந்தது
குழி பறித்தது யாரென்று.

கல்யாணம் போயிற்று. முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.
இரண்டு நாள் பட்டறை வாசலிலேயே கிடந்தோம்.
அரித்த குறுக்குச் சட்டம் மூன்றை வெட்டி எறிந்து
புதுசு வைத்துப் பற்றவைத்தார்,
துரு தடுக்கும் சிவப்புப் பூசினார்,
வேங்கைப் பலகையை விரல் கடை இடைவெளி விட்டு
ஆணி அடிக்காமல் போல்ட்டில் முடுக்கினார்.
'கழட்டத்தான் போல்ட்' என்றார்.
'இதுக்கு எத்தனை வருஷம் வாரண்டி பாய்?'
'உன் கையில் ஸ்பேனர் இருக்கிற வரைக்கும்.'
பதினாலாயிரம் வாங்கினார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் பலகையை இறக்கினோம்.
நான் முதலில் ஏறினேன்.
எண்பத்திரண்டு கிலோவும் அதிர
மூலைக்கு மூலை குதித்துக் காட்டினேன்.
செக்போஸ்ட்காரர் டீயும் கையுமாக
வேடிக்கை பார்த்தார்.
பவானி அவசரப்படவில்லை.
முகர்ந்தாள். ஒரு குளம்பு. தட்டினாள்.
ராவுத்தர் தட்டியது போலவே தட்டினாள்.
இன்னொரு குளம்பு.

அடி பட்ட இடத்தை நான் தடவப் போனபோது
விலகிக்கொண்டாள்.

உள்ளே நின்று, காலை அகட்டி,
நீளமாக மூத்திரம் பெய்தாள்.
நாலு வருஷத்தில் முதல்முறையாக
அது எங்கே போகிறது என்று
குனிந்து பார்த்தேன்.