ஆறரைக்கு வால்

தலை இருக்க வால் ஆடலாமா என்று
கேட்டவர்கள் யாரும்
வாலில் சக்கரம் வைத்த விமானத்தைத்
திருவலத்துச் செம்மண்ணில் இறக்கியதில்லை.

ஆடும்.
இறங்கியாயிற்று, இனி டீதான் என்று
தோள் தளரும் நொடியில்,
சைக்கிள் வேகத்தில்,
ஆடும்.

ஆடி இரண்டாம் ஞாயிறு
இடப்பக்கம் சுழன்று
வேர்க்கடலைக் கொல்லைக்குள் போய்
வந்த வழியைத் தானே பார்த்து நின்றது
ஏழு வருடம் நாங்கள் ஒட்டியும் தைத்தும் கட்டியது.
இறக்கை நுனியில் துணி கிழிந்து
உள்ளே மரம் தெரிந்தது.
அம்மி பறக்கும் மாதம், காற்றுதான் என்றேன்.
உங்க கால்தான் டாக்டர் என்றான் இம்தியாஸ்.
அதோடு மூன்று நாள் பேச்சில்லை.
மேல்விஷாரத்தில் அவன் லேத்,
ஆற்காட்டில் என் பற்கள்.

நான்காம் நாள் வாலடியில் மல்லாந்து படுத்தேன்,
கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த
வாய்க் கண்ணாடியோடும் கொக்கி முனையோடும்.
சொத்தையைக் கண் பார்ப்பதற்கு முன்
விரல் அறியும். அப்படித்தான் அறிந்தேன்:
பள்ளத்தில் கெட்டியாக உட்காரவேண்டிய பூட்டுமுள்
விளிம்பு மழுங்கிக் கிடந்தது.
சுக்கான் மிதியை முழுக்க அழுத்தினால் மட்டுமே
சக்கரத்தை விடவேண்டியது,
பாதியிலேயே விட்டிருக்கிறது.
நாங்கள் வைத்த கிரீஸில்
பொன்னையாற்று மணல் புகுந்து சாணைக்கல்லாகி
மாதக்கணக்கில் முள்ளைத் தின்றிருக்கிறது.
இடது சுருளின் கொக்கியோ
கொட்டாவி விட்டபடி இருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன், ஒரு சொல்லும் எழுதாமல்.
'காத்தும் இல்ல, காலும் இல்ல' என்று பதில்.
அன்றிரவே புது முள் கடைந்து
செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினான்.

பிறகு நாங்கள் இருவரும் உள்ளே ஏறி அமர
வெளியே ரசமட்டம் பிடித்தாள் அமுலு.
பாரத்தில் பட்டை வில் தாழ்ந்த பிறகும்
அச்சின் தலை பின்னால்தான் சாயணும்.
முன்னால் சாய்ந்தால் சக்கரத்துக்குக் குளிர் ஜுரம்,
வண்டி முழுக்க உதறும்.
'அரை விரல், பின்னாடி' என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
தூசிக்கு ஒரு சட்டை போட்டால் என்ன என்று
நான்தான் கேட்டேன்.
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்
ஆட்டுத்தோலில் தைத்துக் கொடுத்தாள்,
இரட்டைத் தையல், சின்ன வார், வெண்கல பக்கிள்.
வாலுக்கு அப்படி ஓர் அழகு வந்து பார்த்ததில்லை.
ஐப்பசி மழை முழுக்க அதை எல்லாருக்கும் காட்டினேன்.

கார்த்திகையில் கழற்றினோம்.
உள்ளே புளிக்கரைசல் நிறத்தில் துரு.
'தோல்னா உப்பு இருக்கும், தண்ணிய இழுக்கும்.
எங்க தெருக் கிணத்தக் கேட்டாலே சொல்லுமே.
நீங்க கேட்டீங்க, தச்சேன்.'
ராணிப்பேட்டையில் அவள் தெருவுக்குக்
குடிதண்ணீர் லாரியில் வருகிறது.
அந்தத் தெருவின் பற்களையெல்லாம் எனக்குத் தெரியும்.
கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது சட்டை இல்லை.
பத்து இறக்கத்துக்கு ஒருமுறை
மண்ணெண்ணெய், பிரஷ், புதுக் கிரீஸ்,
கொக்கி முனையால் முள்ளின் விளிம்பில் ஒரு தடவல்.
சுருள் இரண்டும் விறைக்காமல், தொய்யாமல்,
அறுந்தாலும் கழன்று விழாதபடி கம்பிக் கட்டு.
கால்மணி நேர வேலை.
மறந்துபோகும் அளவுக்குச் சின்னது,
அதுதான் தொல்லை.

ஆகவே நோயாளிகளின் நோட்டிலேயே எழுதிவைக்கிறேன்.
ஐந்தரை, வாலாஜா சத்துணவு டீச்சர், கீழ்க் கடைவாய்.
ஆறு, பெல் காலனிப் பையன், கம்பி முறுக்க.
ஆறரை, வால்.