இரண்டு மணி நாற்பது நிமிடம்

ஆண்டுக்கு முப்பது மணி நேரம்கூட ஓடாத எஞ்சின்களுக்கு
ஆண்டு முழுக்கச் சம்பளம் வாங்குகிறேன்.
மற்ற நாளெல்லாம்
டீசல் தொட்டி உறையாமல் பார்ப்பது,
வால்வுகளைத் தொட்டுப் பார்ப்பது,
உர்மாஸ் சுட்டுவரும் கறுப்பு ரொட்டியைக் குறை சொல்வது.

தாலினுக்குத் தெற்கே, பைன் காட்டு நடுவில்
ஒன்பது எஞ்சின்கள்.
எரிவாயுவும் தின்னும், டீசலும் தின்னும்.
எதைப் போட்டாலும் சாப்பிடும் பிள்ளைகள்
என்பான் உர்மாஸ்,
பிள்ளை வளர்த்தறியாதவன்.

நேற்று சனிக்கிழமை. மைனஸ் இருபத்தாறு.
காற்று செத்துக் கிடந்தது.
கடலோரக் காற்றாலைகள்
விரித்த கை விரித்தபடி நின்றன.
ஆறு மணிக்கு நாடே சட்டையைக் கழற்றியது:
சனிக்கிழமை சௌனா.
அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில்
கல் சூடேற வேண்டும்.

ஆறு பதினொன்றுக்கு ஆணை வந்தது.
ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது.
தரை என் முழங்கால் வழியாகப் பேசியது.
தேநீர்க் கரண்டி
கோப்பைக்குள் தானாகச் சுற்றியது.

ஏழரைக்குக் குழாயில் அழுத்தம் விழுந்தது.
முள் சரியச் சரிய
என் வயிறும் சரிந்தது.
ஆறாம் எஞ்சின் ஒருமுறை செருமியது,
பிறகு டீசலுக்கு மாறியது,
நடந்தபடியே
மூட்டையைத் தோள் மாற்றிக்கொள்பவனைப் போல.
அப்புறம் ஏழாவது. அப்புறம் எல்லாம்.
எங்கும் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை.

அப்போதுதான் தொலைபேசி.
லெய்டா, காட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு.
“மறுபடியும் அதே சத்தம்!
கோழி ஒரு வாரத்துக்கு முட்டையிடாது.
யாருக்கம்மா வேண்டும் இந்த எழவு?”
அவள் குரலுக்குப் பின்னால்
யாரோ கல்லில் தண்ணீர் ஊற்ற
உஸ்ஸென்று ஆவி எழுந்தது
எனக்கே கேட்டது.

“ஒன்பதுக்குள் நின்றுவிடும்” என்றேன்.
கதவைச் சாத்துங்கள், சூடு போகிறது
என்று வாய்வரை வந்ததை
ரொட்டியோடு சேர்த்து விழுங்கினேன்.

எட்டு ஐம்பத்தொன்றுக்கு: நிறுத்து.
பதிவேட்டில் எழுதினேன்:
ஓட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.
எரிபொருள் மாற்றம் ஒன்று.
புகார் ஒன்று.

வெளியே, புகைபோக்கியடியில் பனி கறுத்திருந்தது.
அதில் ஒரு முயல்
சூடு தேடி வந்து
யோசித்துத் திரும்பிய தடம்.

என் தலைமுடியெல்லாம் டீசல் வாடை.
என் வீட்டு சௌனாவோ விறகு அடுப்பு.
இனிப் போய் மூட்டி
கல் காய்வதற்குள்
ஞாயிறு பிறந்துவிடும்.